புகை விலகும் வரை

மான் வேட்டைக்கு முந்தின வாரம் ஹில்யாவின் சமையலறை மேசையில் சாப்பாட்டுத் தட்டுக்கு இடம் கிடையாது. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளை அவள் வினிகர் தண்ணீரில் அலசுவாள். அழுகின முட்டை வாடை வீடு முழுக்கச் சுற்றும். துடைத்து, அடுப்பின் இளஞ்சூட்டில் காய வைத்து, அடியில் தீப்பொறி தரும் கேப்பு பொருத்தி, ஒவ்வொன்றாகக் கருமருந்து நிரப்புவாள். மருந்தின் மேல் அட்டை வில்லை, அதன் மேல் கொழுப்பும் தேன்மெழுகும் தடவிய ஈயக் குண்டு. கருமருந்துத் தோட்டாவுக்குள் காற்றுக்கு இடமே இருக்கக் கூடாது. அழுத்தி அடைக்க வேண்டும். நன்றாக அடைத்த தோட்டாவைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் சத்தமே வராது. ஊமையாக இருக்கும்.

இதை அவள் கற்றுக்கொண்டது அப்பாவிடம். கல்யாணமாகி வந்தபின் புருஷன் ஊர்ஹோவுக்கும் அவளே செய்து கொடுத்தாள். ஊர்ஹோவின் கை அரம் பிடிக்கும், கோடரி பிடிக்கும், இந்த மாதிரிச் சின்ன வேலைக்கு நடுங்கும். ஹில்யாவின் கை நடுங்காது. கிவிலா ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். சர்ச்சில் ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால் கிழவிகள் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஊர்ஹோ கொல்லைப்புறத்து மரக்கட்டையில் குறி பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தான். ஒரு தோட்டா வெடிக்கவில்லை. சும்மா 'டிக்' என்றது. லீவரை மடக்கி அதை வெளியே எடுத்து, உள்ளே வந்து, மேசைமேல் நிற்க வைத்தான்.

"இது என்னது?"

"கேப்புல ஈரம் பட்டிருக்கும்."

"ஈரம் யாரு கையில இருந்துச்சு?"

"அடுப்புல பால் பொங்குச்சு. எந்திரிச்சுப் போயிட்டு வந்தேன். வேற ஒண்ணு தர்றேன்."

"காட்டுல என் முன்னாடி கலைமான் நிக்கிறப்ப இது 'டிக்'குன்னா, அப்பவும் வேற ஒண்ணு எடுத்துக்கிட்டு ஓடி வருவியா?" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. ஊர்ஹோவுக்கு அழகான குரல். சர்ச் பாட்டுக் கூட்டத்தில் அவன் எடுத்துக் கொடுக்காமல் யாரும் தொடங்க மாட்டார்கள். "இடது கையைக் காட்டு."

அவள் காட்டினாள். காட்டாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். குண்டைக் கூட்டில் அழுத்திப் பொருத்தும் இரும்புக் குறட்டை எடுத்தான். அதன் வாய்க்குள் அவளுடைய சுண்டுவிரலை வைத்து, கூட்டை அழுத்துவது போலவே நிதானமாக அழுத்தினான். எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கு முதலில் கேட்டது, வலி பிறகு வந்தது.

"இனிமே ஞாபகம் இருக்கும்" என்றான். குறட்டைத் துடைத்து இடத்தில் வைத்தான். "காப்பி போடு."

அவள் காப்பி போட்டாள். விரலை ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மிச்சத் தோட்டாக்களையும் அடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் கொல்லையிலிருந்த சவுனாக் குளியலறையில் வெந்நீராவிக்கு நடுவே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தான். பரலோகத்தில் கண்ணீர் இல்லை என்ற பாட்டு. பாட்டு சன்னல் வழியாகச் சமையலறைக்குள் வந்தது. ஹில்யாவின் முன்னால் கடைசிக் கூடு காலியாக நின்றது. கருமருந்து டப்பாவுக்குப் பக்கத்தில், வாத்துத் துப்பாக்கிக்கென்று வைத்திருந்த இன்னொரு டப்பா இருந்தது. அது புதுக் காலத்து மருந்து. புகையே வராது. பழைய துப்பாக்கிக்குள் கருமருந்தைப் போல அதை அடைத்தால் துப்பாக்கி தாங்காது, மூஞ்சியிலேயே வெடித்துவிடும். கிவிலாவில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும். இரண்டு டப்பாவையும் ஒரே மேசையில் வைக்காதே என்று அவள் அப்பா அவளை அடித்தே சொல்லியிருக்கிறார்.

அவள் கை நடுங்கவில்லை. நிரப்பினாள், வில்லை வைத்தாள், குண்டை அழுத்தினாள். காதோரம் வைத்துக் குலுக்கினாள். கருமருந்தைப் போல இறுகாத அந்த மருந்து உள்ளே மெல்லக் கிசுகிசுத்தது. அதைப் பெட்டியில் மற்றவற்றோடு சொருகினாள்.

எடுத்துவிடலாம் என்று நினைப்பதற்குள் பாட்டு நின்றது. சவுனாக் கதவு சாத்தும் சத்தம். உடம்பெல்லாம் ஆவி பறக்க ஊர்ஹோ வந்தான், பெட்டியை மூடி, தன் பைக்குள் வைத்தான். அதற்கப்புறம் பெட்டி அவள் கைக்கு வரவே இல்லை.

*

வேட்டை திறக்கும் நாள் காலையில் கிவிலாவில் ஆண்பிள்ளை ஒருத்தனும் வீட்டில் இருக்க மாட்டான். எல்லோரும் முந்தின நாளே சதுப்புக்காட்டு கேம்ப்புக்குப் போய்விடுவார்கள். பெண்கள் ஒருத்தி வீட்டில் ஒருத்தி உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். ஹில்யாவின் தம்பி ஏரோவின் மனைவி சைமி ஏலக்காய் போட்ட நிசு ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். கதவைத் திறக்கும்போதே பேச்சு வந்துவிடும் அவளுக்கு.

"மதினி, காப்பி இருக்கா? பனி என்னமா விழுந்து கெடக்கு பாத்தீங்களா. நேத்து ராத்திரி பூரா உங்க தம்பி கேம்ப்புல குறட்டை விட்டிருப்பான், நான் நிம்மதியாத் தூங்கினேன். அய்யோ, விரலுக்கு என்ன?"

"கதவுல மாட்டிக்கிச்சு."

சைமி விரலைப் பார்த்தாள். அப்புறம் ரொட்டியைப் பார்த்தாள். "பொல்லாத கதவு உங்க வீட்டுக் கதவு" என்று சொல்லிவிட்டு ரொட்டியை வெட்ட ஆரம்பித்தாள்.

இரண்டாவது காப்பி ஊற்றும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. கேம்ப்புச் சேதி வெளிய வரக் கூடாதாம். பெரிய ராஜ ரகசியம்! உங்க தம்பி வாயில அவிச்ச உருளைக்கிழங்கே நிக்காது, ரகசியமா நிக்கும்?"

"என்ன சேதி?"

"போன வருஷம் உங்க தம்பி மானைத் தவற விட்டான்ல. அதுக்குச் சட்டை வாலை, பின் தொங்கலை, வெட்டிச் சுவத்துல ஆணி அடிச்சாங்களே. அப்படி வால் வெட்டுப்பட்டவனுக்கு அடுத்த வருஷம் மொத நாள் மொத விரட்டுல கேம்ப்புலயே நல்ல துப்பாக்கியைக் குடுக்கணுமாம். மானத்தைக் காப்பாத்திக்கிறதுக்கு. அது யாரு துப்பாக்கி? உங்க வீட்டுக்காரருதுதான்! இன்னைக்குக் காலையில ஏரோ கையில அண்ணனோட துப்பாக்கி, அண்ணனோட தோட்டா. கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படிச் சிரிச்சு நான் பாக்கல மதினி."

ஹில்யா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். வைத்த இடம் தட்டுக்கு வெளியே இருந்தது. காப்பி மேசை முழுக்க ஓடியது.

"அப்ப ஊர்ஹோ?"

"அவருக்கு ஏரோவோடது. மாத்திக்குவாங்களாம். ரெண்டும் ஒரே குழல் அளவுதானே, உங்க அப்பாவும் அண்ணனோட அப்பாவும் ஒண்ணாப் போயி வாங்கினது. ஒரே பெட்டித் தோட்டாவை ஆளுக்குப் பாதி பிரிச்சுக்குவாங்களாம். மதினி? எங்க போறீங்க? மதினி!"

ஹில்யா பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் சாத்தியிருந்த பனிச்சறுக்குப் பலகைகளை எடுத்தாள். சிவப்புத் தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள்.

"கேம்ப்புக்கு."

"கேம்ப்புக்கா? பொம்பளை உள்ள வந்தா மான் பக்கத்துல வராதுன்னு கதவைச் சாத்திருவாங்களே!"

"சாத்தட்டும்" என்றாள் ஹில்யா.

*

வழியெல்லாம் அவளுக்குக் காது மட்டுமே வேலை செய்தது. பழைய துப்பாக்கியின் சத்தம் புதுத் துப்பாக்கியைப் போலச் சடாரென்று அடிக்காது. டொம்மென்று விழும், தரையே அதிர்ந்த மாதிரி. மலைச்சரிவில் ஏறும்போது ஒரு டொம் கேட்டது. அவள் நின்றுவிட்டாள். தம்பி போய்விட்டான், நானே கொன்றுவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆறு வயதில் ஏரோ ஓடைப் பனியில் விழுந்தபோது தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே போட்டவள் அவள். கொஞ்சம் கழித்து அதே இடத்திலிருந்து இன்னொரு டொம். சுட்டவன் உயிரோடு இருக்கிறான். அவள் மறுபடி சறுக்கினாள். விரல் கட்டுக்குள் தீயாய் எரிந்தது.

கேம்ப்பு ஒற்றை அறை மரவீடு. வாசலில் சமையல்காரர் யல்மர் விறகு பிளந்துகொண்டிருந்தார். அவருக்கு ஒரு கால் சரியாக ஊன்றாது. வாலிபத்தில் யாரோ ஒருத்தன் தன் துப்பாக்கிப் புகை விலகுவதற்கு முன்னாலேயே அடுத்ததைச் சுட்டான். புகைக்கு அந்தப் பக்கம் மான் நிற்கவில்லை, யல்மர்தான் நின்றார். அன்றிலிருந்து கேம்ப்பில் அதுதான் முதல் சட்டம்: சுட்டால் புகை விலகும் வரை அசையாதே.

"நில்லு, நில்லு! எங்க வர்ற? பொம்பளை இந்தப் படி ஏறக் கூடாது."

"தோட்டா எங்க மாமா?"

"என்னது?"

"ஊர்ஹோ கொண்டுவந்த தோட்டா. மிச்சம் எங்க?"

"மேசைமேல. ஏய், பூட்ஸோட போகாத!"

உள்ளே சுவர் முழுக்கச் சட்டை வால்கள் ஆணியில் தொங்கின. கோடு போட்டது, கட்டம் போட்டது, ஓரம் பிரிந்தது. மேசையில் ஒரு கஞ்சிக் கிண்ணத்தில் தோட்டாக்கள் கிடந்தன. ஹில்யா நின்றபடியே ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். ஊமை. அதுவும் ஊமை. கிண்ணம் காலியாகும் வரை குலுக்கினாள். எதுவும் கிசுகிசுக்கவில்லை.

யல்மர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் காட்டில் தோட்டாவைக் குலுக்கிப் பார்ப்பது எதற்கென்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் முகம் மாறியது. அவள் கட்டுப்போட்ட விரலையும் பார்த்தார்.

"ஏரோ எங்க நிக்கிறான்?" என்றாள்.

"ஓடை திரும்புற இடத்துல. இடி விழுந்த மரத்தடி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. "விரட்ட ஆரம்பிச்சுட்டாங்க பொண்ணே. சீக்கிரம் போ."

*

விரட்டுகிறவர்களின் கூச்சல் சதுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து நெருங்கி வந்தது. தட்டைத் தட்டுகிறார்கள், நாய் மாதிரி குரைக்கிறார்கள். இடி விழுந்த மரத்தடியில் ஏரோ முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதிரே தேவதாரு மரங்களை விலக்கிக்கொண்டு ஒரு கலைமான் வெளியே வந்தது. நல்ல கொம்பு. மூக்கிலிருந்து ஆவி வந்தது. ஏரோ மெதுவாகத் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினான். சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தான்.

"ஏரோ! சுடாத! சுடாதடா!"

மான் காற்றாகப் பறந்துவிட்டது. ஏரோ திரும்பிப் பார்த்தான். ஒரு வருஷமாகத் தொண்டைக்குள் வைத்திருந்த அவமானம் அவன் முகத்தில் அழுகையாக வந்தது.

"சாத்தானே! அக்கா, உனக்கு என்ன பைத்தியமா? அப்படியே எதிர்ல நின்னுச்சு! கண்ணை மூடிச் சுட்டிருந்தாலும் விழுந்திருக்கும்! என் மூஞ்சியை இனி எங்க வச்சுக்கிறது?"

அவள் துப்பாக்கியைப் பிடுங்கினாள். லீவரை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, உள்ளே இருந்த தோட்டாக்களையெல்லாம் பனியில் துள்ள விட்டாள். மண்டியிட்டுப் பொறுக்கினாள். குலுக்கினாள். ஏரோவின் சட்டைப் பையிலும் கை விட்டு எடுத்துக் குலுக்கினாள்.

"என்ன தேடுற?"

"இல்ல" என்றாள். "உன்கிட்ட இல்ல." அப்படியே பனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, என்ன ஆச்சு?"

சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. ஏரோ சதுப்பின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணின? என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"போன வருஷம் உன்கிட்ட முதுகைக் காட்டினேன். இடுப்புவார் தழும்பு. நீ என்ன சொன்ன?"

ஏரோ தலையைக் குனிந்தான்.

"சொல்லு."

"குடிக்காதப்பத் தங்கமான மனுஷன்னு சொன்னேன்."

"அவர் அன்னைக்குக் குடிக்கவே இல்லடா. வெள்ளிக்கிழமையும் குடிக்கல."

ஏரோ தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு அவள் பக்கத்தில் குந்தினான். "அப்ப அது அவர்கிட்டதான் இருக்கு."

"ஆமா."

"சும்மா இருந்துருவோம்க்கா. நீ வீட்டுக்குப் போ. நீ இங்க வரவே இல்ல, நான் எதையும் கேக்கவே இல்ல. அதுபாட்டுக்கு நடக்கட்டும்."

அவளுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. இதை மறைத்துப் பிரயோஜனமில்லை. ஒரு மூச்சு நேரம், இரண்டு மூச்சு நேரம், அவள் உண்மையாகவே எழுந்து வீட்டுக்குப் போகத்தான் நினைத்தாள். ஆனால் காலை ஊன்றி எழுந்திருப்பதற்குள் புதரை ஒடித்துக்கொண்டு ஊர்ஹோ வந்துவிட்டான்.

"எவடி அது கத்தினது?"

கையில் ஏரோவின் துப்பாக்கி. தொப்பியில் பனி. அவளைப் பார்த்ததும் நின்றான். பார்த்தது நிஜம்தானா என்று ஒரு கணம் சந்தேகப்பட்ட மாதிரி இருந்தது.

"நீயா?"

அவள் எழுந்தாள். அவன் நெருங்கி வந்து முஷ்டியால் வாயில் குத்தினான். அவள் விழுந்தாள். பனியில் ரத்தம் தெறித்தது, கூடவே ஒரு பல்.

"மச்சான்!" என்று ஏரோ எழுந்தான்.

"உக்காருடா! உன்னைச் சும்மா விட்டுருவேன்னு நெனச்சியா? போன வருஷம் வாலை வெட்டினோம், இந்த வருஷம் சட்டையையே கழட்டணும். அக்கா பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு மான் சுட வந்திருக்கான்." அவள் பக்கம் திரும்பினான். "பொம்பளை காட்டுக்குள்ள வந்து என் மானை விரட்டுறா. ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கும். உனக்கு இன்னும் ஒன்பது விரல் இருக்குங்கிறதை மறந்துட்டியா?"

ஹில்யா எழுந்து உட்கார்ந்தாள். வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினாள்.

"ஊர்ஹோ, துப்பாக்கியைக் கீழ வை. அதுல இருக்கிற தோட்டாவுல ஒண்ணு வாத்து மருந்து. நான்தான் போட்டேன். உன்னைக் கொல்லத்தான் போட்டேன். சுடாத."

காட்டில் விரட்டுகிறவர்களின் சத்தமும் அடங்கியிருந்தது. ஊர்ஹோ அவளையே பார்த்தான். பிறகு சிரித்தான். நெஞ்சு குலுங்க, நல்ல குரலில், மனதாரச் சிரித்தான்.

"நீயா? கோழியைப் பிடிக்கச் சொன்னாலே கண்ணை மூடிக்கிறவ நீ. சூப்புல உப்பு ஒரு சிட்டிகை கூடினா எனக்கு முன்னாடியே அழுவ. நீ என்னைக் கொல்ற ஆளா?"

"அவ சொல்றது நெசம் மச்சான்" என்றான் ஏரோ. "என்னோடதை எல்லாம் குலுக்கிப் பாத்துட்டா. உங்களோடதையும் குலுக்கிப் பாருங்க."

"ஓகோ, இப்ப ரெண்டு பேரும் சேந்துக்கிட்டீங்களா? மானைத் தவற விட்டவன் சொல்றதுக்கு ஒரு கதை வேணும்ல? நல்ல கதைதான். நான் பயந்து கீழ வைப்பேன், நீங்க கேம்ப்புல போய்ச் சொல்லிச் சிரிப்பீங்க." அவள் தலையிலிருந்து சிவப்புத் துணியை உருவினான். பிர்ச் மரத்து மொட்டைக் கிளையில் மாட்டினான். பின்னால் நடந்து வந்து நின்றான். "பாத்துக்கிட்டே இரு."

"ஊர்ஹோ, வேண்டாம்."

டொம். வெள்ளைப் புகை பொங்கி அவனை முழுசாக மூடியது. கந்தக வாடை அடித்தது. பழக்கம் விடுமா, அந்தக் கோபத்திலும் அவன் புகை விலகும் வரை அசையாமல் நின்றான். புகைக்குள்ளிருந்து சிரிப்பு மட்டும் வந்தது.

"ஒண்ணு. எங்கடி உன் வாத்து மருந்து?"

புகை மரங்களுக்கிடையில் கிழிந்து போனது. சிவப்புத் துணியில் ஓர் ஓட்டை இருந்தது.

"உன் காலைப் பிடிக்கிறேன். குலுக்கியாவது பாரு."

"நான் குலுக்கணுமா? உன் பேச்சைக் கேட்டு?" லீவரை மடக்கினான்.

டொம். மறுபடி புகை. மறுபடி அந்தச் சிரிப்பு. ஏரோ அவளுடைய தோளைப் பிடித்து இடி விழுந்த மரத்துக்குப் பின்னால் இழுத்தான். "விடுக்கா. நாம சொல்லியாச்சு. வா இந்தப் பக்கம்."

அவள் கையை உதறினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். மனதார வேண்டாம் என்றுதான் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை அவன் சாக வேண்டும் என்று நினைத்ததும் மனதாரத்தான். இரண்டுமே அவளிடம் நிஜமாக இருந்தன.

"உன்கிட்ட இதுவரைக்கும் நான் பொய் சொன்னதே இல்ல" என்று கத்தினாள். "அடி வாங்குறப்பக்கூடச் சொன்னதில்ல! ஒரே ஒரு தடவை என்னை நம்பு!"

புகை விலகியது. ஊர்ஹோ துப்பாக்கியை அவள் பக்கம் திருப்பினான். குழல் அவள் நெற்றிக்கு நேராக நின்றது. அந்த வட்டக் கறுப்பை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நம்பினா நீ சாகணும், நம்பலைன்னா நான் சாகணும். அப்படித்தானே?" என்றான். பிறகு குழலைச் சிவப்புத் துணிக்குத் திருப்பினான். "பொழச்சுப் போ. வீட்டுல வச்சுப் பேசிக்கிறேன்."

லீவர் மடங்கி ஏறியது. அவள் கண்ணை மூடவில்லை.

இந்தத் தடவை புகை வரவில்லை.

புகை வராததால் எல்லாம் உடனே தெரிந்தது. துப்பாக்கியின் நடுப்பகுதி பூவிதழ் மாதிரி விரிந்து கிடந்தது. அவனுடைய இடது கை மணிக்கட்டோடு காணவில்லை. லீவரோடு சேர்ந்த இரும்பு ஒன்று அவன் வலது கண் இருந்த இடத்தில் குத்தி நின்றது. ஊர்ஹோ விழாமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தான். அவனும் பழக்கத்தில் புகை விலகக் காத்திருப்பது போல இருந்தது. அப்புறம் மண்டியிட்டு, முகம் குப்புற விழுந்தான்.

ஹில்யாதான் முதலில் ஓடினாள். அவனைப் புரட்டினாள். பிர்ச் கிளையிலிருந்து ஓட்டை விழுந்த தலைத்துணியை இழுத்து அவன் கைமூட்டில் இறுக்கிக் கட்டினாள். துணி சிவப்பு, அதனால் எவ்வளவு ரத்தம் குடிக்கிறதென்று தெரியவில்லை. மிச்சமிருந்த கண் அவளைத் தேடிப் பிடித்தது.

"நீ..." என்றான். அந்தக் குரலில் பாட்டு எதுவும் மிச்சமில்லை. "நீயா?"

"சொன்னேனே" என்றாள். "சொன்னேனே ஊர்ஹோ."

அவன் நம்பிவிட்டான். அது அந்தக் கண்ணில் தெரிந்தது. விரட்டுகிறவர்கள் மான் இழுக்கும் சறுக்குவண்டியோடு வந்து சேர்ந்தபோது அந்தக் கண்ணில் எதுவும் தெரியவில்லை.

*

ஷெரிப்பின் ஆள் பாஸ்கோ சாயங்காலம் கேம்ப்புக்கு வந்தான். நல்ல மனிதன், கொஞ்சம் பருமன். உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். ஊர்ஹோவை வெளியே சறுக்குவண்டியில் கித்தான் போட்டு மூடி வைத்திருந்தார்கள். உடைந்த துப்பாக்கி மேசைமேல் கிடந்தது.

"ரொம்பப் பழைய துப்பாக்கி" என்றான் ஏரோ, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. "என்னோடதுதான். எங்கப்பாவோடது. நாள்பட்ட இரும்பு."

"அதான் நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றான் பாஸ்கோ. "வருஷா வருஷம் சொல்றேன். இதையெல்லாம் சுவத்துல மாட்டி அழகு பாருங்கய்யா, காட்டுக்குக் கொண்டு வராதீங்கய்யான்னு. யாரு கேக்குறா?"

ஹில்யா அடுப்பு பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கேம்ப்புக்குள் பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.

"துப்பாக்கி மேல தப்பில்ல" என்றாள். "தோட்டாவை நான்தான் அடைச்சேன். வேணும்னே வாத்து மருந்தை வச்சு அடைச்சேன். அவர் சாகணும்னு."

யல்மர் காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தவர், கையை எடுக்காமல் நின்றார்.

பாஸ்கோ மெதுவாக வந்து அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு.

"அம்மா, இப்படித்தான் தோணும். எங்க அப்பா சுரங்கத்துல மண்ணு சரிஞ்சு செத்தப்ப எங்கம்மாவும் இப்படித்தான். அன்னைக்கு நான்தான் அவரை வேலைக்கு அனுப்பினேன், நான்தான் கொன்னேன்னு மூணு வருஷம் சொல்லிக்கிட்டே இருந்தா. யாராவது வேணும்னு மருந்தை மாத்தி வைப்பாங்களா? தெரியாம டப்பா மாறியிருக்கும். இல்லன்னா அதுவும் இருக்காது. இரும்புதான். நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"நான் அவர்கிட்டயும் சொன்னேன்."

"சொல்லியிருப்பீங்கம்மா. சொல்லியிருப்பீங்க." அவள் கையைத் தொட்டான். கட்டு தட்டுப்பட்டது. "விரல்ல என்ன? வாயெல்லாம் வீங்கியிருக்கு. வர்ற வழியில விழுந்தீங்களா?"

"அவர் உடைச்சாரு. குறட்டால."

பாஸ்கோ ஏரோவைப் பார்த்தான், யல்மரைப் பார்த்தான். பாவம் என்பது போல மெல்லத் தலையாட்டினான்.

"ஊர்ஹோவா? என் கல்யாணத்துல பாடினவரும்மா அவரு. எங்க மாமியாரே அழுதுட்டாங்க, அப்படி ஒரு குரல்." எழுந்து, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். "பழைய துப்பாக்கி. அவ்வளவுதான். ஏரோ, அக்காவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. தனியா விடாத. என்ன சொல்றோம்னு அவங்களுக்கே தெரியல."

அவன் போனபின் கதவு வழியாகக் கொஞ்சம் பனி உள்ளே வந்து தரையில் கரைந்தது. சுவரில் சட்டை வால்கள் அசைந்து நின்றன. ஏரோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

யல்மர் காப்பி ஊற்றினார். சர்க்கரைக் கட்டி ஒன்றைத் தட்டில் வைத்து, காலை இழுத்துக்கொண்டு வந்து ஹில்யாவிடம் நீட்டினார். காலையில் அவள் கிண்ணத்திலிருந்து எடுத்துக் குலுக்கி வைத்த தோட்டாக்கள் இன்னும் மேசைமேலேயேதான் இருந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை.

"குடி பொண்ணே" என்றார். "சொல்ல வேண்டியதை நீ ரெண்டு பேருகிட்டயும் சொல்லிட்ட."

ஹில்யா சர்க்கரைக் கட்டியை மிச்சமிருந்த பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டு கோப்பையைத் தூக்கினாள். காப்பி விளிம்பு வரை நிறைந்திருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவள் கை நடுங்கவில்லை, அதுதான் அன்று முழுவதிலும் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.